சிவப்பு போட்ட தாள்

ஓர் ஆஸ்பத்திரியின் படிக்கட்டு வரைபடத்தில் அவள் பதினோராவது படியில் இருந்தாள். மஞ்சள் பென்சில் ஒவ்வொரு எண்ணாக ஏறிக்கொண்டிருந்தது. உயரம், மஞ்சள். அகலம், மஞ்சள். பதினான்காவது படியைத் தாண்டித் திருப்பத்துக்கு வந்ததும் பென்சில் நின்றது. ஒரு துண்டுக் காகிதத்தை ஸ்ட்ரெச்சரின் அளவுக்கு வெட்டி, வரைபடத்தின்மேல் வைத்து, விரலால் தள்ளித் திருப்பிப் பார்த்தாள். காகிதம் சுவரில் முட்டியது. வேறு பக்கமாகத் திருப்பினாள். முட்டியது. மஞ்சளை வைத்துவிட்டுச் சிவப்பை எடுத்தாள்.

சரியாக இருந்தால் மஞ்சள். தவறாக இருந்தால் சிவப்பு. எந்த நிறமும் இல்லாவிட்டால் இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். முழுக்க மஞ்சளான தாள்தான் கட்டடம் எழும்பும் இடத்துக்குப் போகும். ஒரு புள்ளி சிவப்பு இருந்தாலும் வரைந்தவனிடம் திரும்பிப் போய், திருத்தப்பட்டு, வாசலருகே இருக்கும் நீலத் தட்டுக்கு மறுபடி வரும். அவள் இந்தச் சரிபார்ப்புப் பிரிவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். சிவப்போடு ஒரு தாள்கூட வெளியே போனதில்லை. வரைகிறவர்கள் கூடத்தில் அவளைச் சிவப்பு மேடம் என்றார்கள்.

இரண்டாவது மாடியில் ஆறு சாய்வு மேசைகள். ஜன்னலோர மேசை அவளுடையது. அதன்மேல் பென்சில் துண்டுகள் போட்ட பிஸ்கட் டின், ஒரு தொலைபேசி. தொலைபேசியில் மணி அடித்தால் சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கும். மினுங்கினால் அடுத்த மேசையிலிருந்து நெட்டையன் நீண்ட கையை நீட்டி எடுப்பான். கேட்டதை அவள் பக்கம் திரும்பிச் சத்தமில்லாமல் உதடுகளால் சொல்வான். அவளுக்குப் பத்தொன்பது வயதில் வந்த ஒரு காய்ச்சல் இரண்டு காதுகளையும் கொண்டுபோயிருந்தது. இடது காதில் மாட்டியிருந்த கருவி சத்தத்தைக் கொண்டுவரும், சொல்லைக் கொண்டுவராது.

நெட்டையன் மேசையை இரண்டு முறை தட்டினான். அவள் நிமிர்ந்தாள்.

"மேல கூப்பிடறாங்க. எம்.டி.," என்றான் உதடுகளால். பிறகு புருவத்தை உயர்த்தினான். "என்னக்கா தப்பு பண்ணீங்க?"

"உன்னை வேலைக்கு எடுத்தேன்," என்றாள்.

வாசலில் எச்.ஆர். பெண் நின்றிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. உதட்டைப் பெரிதாக அசைத்தால் நன்றாகப் புரியும் என்று நினைப்பவள். பெரிதாக அசைத்தால் சொல்லின் உருவம் கெட்டுவிடும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. "மே…ல வ…ரீங்களா மேம்?" என்று இழுத்தாள்.

ஏழாவது மாடியில் தரைவிரிப்பு இருந்தது. எம்.டி. எழுந்து நின்று வரவேற்றார். அவருடைய நரைத்த மீசை மேலுதட்டை முழுவதும் மூடியிருந்தது. கீழுதட்டை மட்டும் வைத்துத்தான் அவர் பேச்சை அவள் பிடிக்க வேண்டும். பாதி கிடைக்கும். மீதியை எச்.ஆர். பெண் திருப்பிச் சொன்னாள்.

"நம்ம லீடர்ஷிப் டீம் ஒன்பது பேர் மேடம். ஒன்பது பேரும் ஒரே காலேஜ். பாதிப் பேர் ஒரே ஹாஸ்டல்." அவர் சிரித்தார். "இந்தக் காலத்துக்கு இது சரியா வராது. எல்லாரும் இருக்கணும். எல்லாக் குரலும் கேக்கணும்."

அவள் அவருடைய கீழுதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரிய ஆஸ்பத்திரி டெண்டர் ஒண்ணு வருது. பன்னிரண்டு கட்டடம். தலைமையில யார் யார் இருக்காங்கன்னு படிவத்துல கேட்டிருக்காங்க. பெண்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்…"

"ரெண்டுக்கும் நானா?"

அவள் குரல் எப்போதும் அறைக்குப் பெரியதாக இருக்கும். எச்.ஆர். பெண் தரைவிரிப்பைப் பார்த்தாள்.

"உங்க அனுபவத்துக்குத்தான் மேடம்," என்றார் எம்.டி. "அது முக்கியம். தரம், அதுக்கு இயக்குநர். நீங்க பத்தாவது."

"வேலை என்ன மாறும்?"

"இப்ப செய்யறதேதான். கூட மாசம் ஒரு மீட்டிங்."

"மீட்டிங்ல எங்க நெட்டையன் பக்கத்துல உக்காரணும். பேசறதை எனக்குத் திருப்பிச் சொல்லுவான். பதினொரு வருஷமா அவன்தான் சொல்றான்."

எம்.டி. எச்.ஆர். பெண்ணைப் பார்த்தார். அவள் எதையோ குறித்துக்கொண்டாள். "அங்க பேசறதெல்லாம் ரகசியம் மேம். வெளி ஆளை உக்கார வைக்க முடியாது. உங்களுக்குன்னு வேற ஏற்பாடு பண்றோம். கண்டிப்பா."

கீழே வந்தபோது பிரிவில் ஐந்து பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். செய்தி அவளுக்கு முன்பே படியிறங்கி வந்துவிட்டது. கண்ணாடிக்காரர் தன் இரண்டு கண்ணாடிகளில் தூரப் பார்வைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். ஓய்வுக்கு அவருக்கு இரண்டு வருடம் பாக்கி இருந்தது.

"டைரக்டரம்மா நம்ம மேசைக்கெல்லாம் வருவாங்களா?" என்றார்.

"எங்க போறது? பென்சிலெல்லாம் இங்கதானே இருக்கு."

தேநீர் வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், வரைகிறவர்கள் கூடத்தில் இரண்டு பேர் இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன் உதடுகள் அசைந்தன. நெட்டையன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்ன சொல்றான்?"

"ஒண்ணுமில்லக்கா. வாழ்த்து சொல்றான்."

"டூ இன் ஒன்னுன்னு சொல்றான். பழைய டேப் ரெக்கார்டர் மாதிரி. பொம்பளைக்கு ஒரு கணக்கு, செவிட்டுக்கு ஒரு கணக்கு." அவள் தேநீரை ஊதினாள். "இத்தனை தூரத்துல கேக்காதுன்னு நெனச்சுட்டான். பாவம்."

நெட்டையனுக்குச் சிரிப்பு வரவில்லை. கோப்பையை இடது கைக்கும் வலது கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தான். "அக்கா, போன வாரம் ரெண்டு பேர் கம்ப்யூட்டரோட வந்து உக்காந்திருந்தாங்கல்ல. ஒரு தாளுக்கு எத்தனை நிமிஷம் எடுக்கறோம்னு எழுதினாங்கல்ல. அது என்னன்னு மேல பேச்சு வரும். ஏதாவது காதுல விழுந்தா சொல்லுங்க."

"என் காதுலயா?"

இப்போது சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் அதிகமாகவே.

அந்த இரண்டு பேரும் அவளுடைய படிக்கட்டு வரைபடத்தையும் தங்கள் கணினிக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். பன்னிரண்டு வினாடி. பிழை இல்லை என்று வந்தது. எண்களெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன. ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்பது எந்த எண்ணிலும் இல்லை.

புகைப்படக்காரர் செவ்வாய்க்கிழமை வந்தார். ஏழாவது மாடியில் ஜன்னலை ஒட்டிப் பத்துப் பேரையும் நிறுத்தினார். ஒன்பது கோட்டுகள். அவளை முன்வரிசையில் நடுவில் நிற்கவைத்தார். கேமராவில் பார்த்தார். எச்.ஆர். பெண்ணிடம் போய் ஏதோ சொன்னார். அவள் தயங்கி வந்தாள்.

"மேம், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பினா நல்லாருக்கும். அந்த… மெஷின் தெரியற மாதிரி."

அவள் முப்பது வருடமாக முடியைக் காதின்மேல் இழுத்துவிட்டுத்தான் சீவுகிறாள். எச்.ஆர். பெண்ணின் விரல்கள் குளிர்ந்திருந்தன. மெதுவாக, வலிக்காமல், முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒதுக்கின. படம் எடுக்கும்வரை அது கலையாமலிருக்க ஒரு ஹேர்பின்னும் செருகினாள்.

"சூப்பர் மேம்."

பின்னால் நின்ற ஒன்பது பேரும் எதற்கோ சிரித்தார்கள். திரும்பினால்தான் எதற்கு என்று தெரியும். திரும்பக் கூடாது என்று புகைப்படக்காரர் கையைக் காட்டினார்.

முதல் மீட்டிங் நடந்த அன்று காலை அவளால் சாப்பிட முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நீலச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசையைத் தட்டினார்.

"ஏன் இப்படி நிலையா நிக்காம சுத்தறே? உன்னைத்தான் ஏழாவது மாடிக்கு ஏத்திட்டாங்களே."

"அங்க போய் நான் என்ன பேசறதுன்னு தெரியல."

"தெரிஞ்சதைப் பேசு. படி சரியில்லன்னா சரியில்லன்னு சொல்றவதானே நீ?"

"அவங்க பேசறது எனக்குத் தெரியணுமே மொதல்ல."

அவர் யோசித்தார். "உன் பக்கம் பாத்துப் பேசச் சொல்லு. டைரக்டர் சொன்னா கேக்க மாட்டாங்களா?" கருவிப் பையைத் தோளில் போட்டார். வாசலில் நின்று திரும்பினார். "ஒண்ணு சொல்றேன். லிஃப்டு மேல போறப்ப ஒரு எடை கீழ எறங்கும். எதைக் கீழ எறக்கறாங்கன்னு பாத்துக்கோ."

நீள்மேசையில் அவளுக்கு முன்னால் ஒரு கோப்பை தண்ணீரும் கிளிப் போட்ட நான்கு தாள்களும் இருந்தன. எச்.ஆர். பெண் குனிந்து அவள் முகத்துக்கு நேராகச் சொன்னாள். "உங்களுக்காக ஸ்பெஷலா மேம். மீட்டிங் மினிட்ஸை முன்னாடியே டைப் பண்ணிட்டோம். நீங்க சிரமப்பட வேண்டாம். பாத்துக்கிட்டே வரலாம்."

அவள் முதல் தாளைப் பார்த்தாள். இன்றைய தேதி. கூட்டம் முடிந்த நேரம் பன்னிரண்டு பத்து என்று போட்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று.

முதல் பொருள், புதிய உறுப்பினரை வரவேற்றல். தலைவர் வரவேற்றார், உறுப்பினர் நன்றி தெரிவித்தார். எம்.டி. எழுந்து வரவேற்றார். அவளும் எழுந்து நன்றி சொன்னாள். உட்கார்ந்து கைப்பையைத் திறந்து மஞ்சள் பென்சிலை எடுத்து அந்த வரியின்மேல் தேய்த்தாள். எதிரே இருந்தவர் அதைப் பார்த்துப் புன்னகைத்தார்.

இரண்டாவது பொருள் வாடகைக் கட்டடம். உதடுகளும் தாளும் ஒத்துப்போயின. மஞ்சள். அவர்கள் வேகமாகப் பேசினார்கள். ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் முடித்தார். சில இடங்களில் யாரும் பேசாமலேயே எல்லோரும் தலையசைத்தார்கள். தாளை முந்திக்கொண்டு படிக்கக் கூடாது என்று நினைத்தாள். படித்தாள்.

நான்காவது பொருள். சரிபார்ப்புப் பிரிவின் பணி இம்மாத இறுதியிலிருந்து மென்பொருளுக்கு மாற்றப்படும். ஐந்து பணியிடங்கள் நீக்கப்படும். புதிய உறுப்பினர் உட்பட அனைவரும் ஒருமனதாக ஏற்றனர்.

அவள் மறுபடி படித்தாள். ஐந்து என்ற எண்ணின்மேல் விரலை வைத்தாள். மூன்றாவது பொருள் முடியட்டும். நான்காவது வந்ததும் கையை உயர்த்த வேண்டும். கணக்கு சரியாக இருக்கும், ஸ்ட்ரெச்சர் திரும்பாது. இதை எந்தக் குரலில் சொல்வது என்று நெஞ்சுக்குள் சொல்லிப் பார்த்தாள். தாழ்ந்த குரலில். அவசரப்படாமல்.

மூன்றாவது பொருளுக்குத் திரையில் படம் காட்ட வேண்டியிருந்தது. யாரோ விளக்கை அணைத்தார்கள். இன்னொருவர் திரைச்சீலையை இழுத்தார்.

உதடுகள் மறைந்தன. திரையில் கட்டங்கள், அம்புகள், சிரிக்கும் முகங்கள். இருட்டில் கோட்டுகளின் ஓரங்கள் மட்டும் தெரிந்தன. காதுக் கருவியில் ஏ.சி.யின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே மேடும் பள்ளமுமாக ஏதோ குரல். ஒரு படம் போய் இன்னொரு படம் வந்தது. அதில் ஒரு கணினியும் அதன் பக்கத்தில் பென்சிலும் இருந்தன. பென்சிலின்மேல் பெருக்கல் குறி.

"லைட்டைப் போடுங்க," என்றாள்.

திரையின் வெளிச்சத்தில் ஒரு உள்ளங்கை எழுந்தது. ஒரு நிமிடம் என்று காட்டியது.

"எனக்குத் தெரியல. லைட்டைப் போடுங்க."

குரல் பெரிதாக வந்துவிட்டது என்று அந்த உள்ளங்கை சட்டென்று பின்வாங்கியதிலிருந்து தெரிந்தது. எச்.ஆர். பெண் இருட்டில் வந்து அவள் தோளைத் தொட்டு, கையிலிருந்த தாளைத் தட்டிக் காட்டினாள். எல்லாம் இதில் இருக்கிறது என்பதுபோல.

விளக்கு எரிந்தபோது நிதி இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். அவள் அவர் உதடுகளைத் தாளில் தேடினாள். ஆறாவது பொருளில் கிடைத்தார்.

கையை உயர்த்தினாள். "நாலாவது?"

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். இப்போது எல்லா உதடுகளும் நன்றாகத் தெரிந்தன. எதுவும் அசையவில்லை.

"அது முடிஞ்சிருச்சே மேடம்," என்றார் எம்.டி.

"நான் ஒத்துக்கல. ஒருமனதான்னு எழுதியிருக்கு. நான் ஒத்துக்கல. அந்த ஆஸ்பத்திரிப் படிக்கட்டைக் கம்ப்யூட்டருக்குக் குடுத்தாங்க. பிழை இல்லன்னு சொல்லுச்சு. தீப்பிடிச்சா லிஃப்டு நிக்கும். படியிலதான் நோயாளியை எறக்கணும். ஸ்ட்ரெச்சர் அந்தத் திருப்பத்துல திரும்பாது. அதைப் பாத்தது கம்ப்யூட்டர் இல்ல. அஞ்சு பேரை அனுப்பிட்டா அடுத்ததை யார் பாப்பாங்க?"

அவசரப்பட்டுவிட்டாள். குரலும் தாழவில்லை. ஆனால் எம்.டி. கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்து தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே கேட்டார். மற்றவர்களும் ஆட்டினார்கள். ஒருவர் குறிப்புகூட எடுத்தார்.

"அருமையான கருத்து," என்றார் எம்.டி. மீசையை விலக்கிக்கொண்டு, அவளுக்குப் புரியும்படி. "அப்படியே தாள்ல எழுதிடுங்க மேடம். தாராளமா எழுதுங்க. இதுக்குத்தானே உங்களைக் கொண்டுவந்தோம்?"

அவள் சிவப்பு பென்சிலை எடுத்தாள். 'ஒருமனதாக' என்பதை அடித்தாள். 'புதிய உறுப்பினர் உட்பட' என்பதை அடித்தாள். ஓரத்தில் எழுதினாள்: நான் ஏற்கவில்லை. ஸ்ட்ரெச்சர் திரும்பாது. ஐந்து பேரும் வேண்டும். கீழே சுருக்கொப்பமிட்டுத் தேதி போட்டாள். எச்.ஆர். பெண் இரண்டு கைகளாலும் தாளை வாங்கிக்கொண்டாள்.

கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிறங்கினாள். ஐந்து மாடி. பிரிவில் யாரும் வேலை செய்யவில்லை. செய்வதுபோல் குனிந்திருந்தார்கள். நெட்டையன் அவள் முகத்தைப் பார்த்ததும் பென்சிலைக் கீழே வைத்தான். அவளால் அவனிடம் எதையும் மறைக்க முடியாது. பதினொரு வருடமாக அவளுடைய முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

"மூடறாங்களா?"

தாளின் தலைப்பில் ரகசியம் என்று அச்சிட்டிருந்தது. "அஞ்சு பேரையும்," என்றாள். "மாசக் கடைசியில."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் சிவப்பு போட்டிருக்கேன்," என்றாள்.

நெட்டையனின் தோள்கள் கொஞ்சம் இறங்கின. "சிவப்பு போட்டீங்களா? எழுதியா?"

"எழுதி, சுருக்கொப்பம் போட்டு, தேதி போட்டு."

"அப்ப திரும்பி வரணுமே!"

"வரணும்."

"சிவப்பு போட்ட தாள் திரும்பாம எங்க போகும்?" என்றார் கண்ணாடிக்காரர். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து எல்லோரும் நீலத் தட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். வரைகிறவர்கள் கூடத்துப் பையன்கள் எதையாவது கொண்டுவந்து போட்டால் ஐந்து தலைகள் நிமிரும். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் தட்டுப் பக்கமாகச் சுற்றிப் போனார்கள். நெட்டையன் ஒரு நாளைக்குப் பத்து முறை தண்ணீர் குடித்தான். அவன் மனைவிக்கு எட்டாவது மாதம். ஆஸ்பத்திரியில் காட்டுவதெல்லாம் கம்பெனி இன்சூரன்ஸ் அட்டையில்தான்.

முதல் வாரம் படிக்கட்டு வரைபடம் திரும்பி வந்தது. திருப்பத்தை அகலப்படுத்தியிருந்தார்கள். அவள் பழைய காகிதத் துண்டை எடுத்து வைத்துத் திருப்பினாள். திரும்பியது. மஞ்சள் போட்டாள்.

"பாத்தீங்களா?" என்றான் நெட்டையன். "லேட்டாத்தான் வரும். ஆனா வரும்."

இரண்டாவது வாரம் அவள் எச்.ஆர். பெண்ணுக்கு எழுதிக் கேட்டாள். உங்கள் கருத்து உரிய இடத்தில் உள்ளது, நன்றி என்று பதில் வந்தது. ஏழாவது மாடிக்கு ஏறிப் போனாள். எம்.டி. பயணத்தில் இருந்தார். மாலையில் வீட்டுக்குக் கிளம்பியபோது, கீழ்த்தளக் கூடத்தில், புகைப்படத்தைப் பெரிதாக்கி மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணியில் நின்றவன் அவளைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். "நேர்ல காது தெரியலையே மேடம்," என்றான். நல்லெண்ணத்தோடுதான் சொன்னான்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை ஐந்து உறைகள் வந்தன. நீலத் தட்டில் வரவில்லை. எச்.ஆர். பெண் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கையில் கொடுத்தாள். ஒவ்வொருவரிடமும் ஒரு நிமிடம் நின்று பேசினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. அவளுக்கும் இது பிடிக்காத வேலை என்று தெரிந்தது. ஜன்னலோர மேசைக்கு உறை இல்லை.

நெட்டையன் உறையைப் பிரிக்காமல் மேசை ஓரத்தில் நேராக வைத்தான். பிறகு இன்னும் நேராக வைத்தான்.

"எங்கக்கா அந்தத் தாளு?" என்றான்.

அவள் நீலத் தட்டைப் பார்த்தாள்.

மாதத்தின் கடைசி நாள் டெண்டர் கோப்பு வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். மாலை நான்கு மணிக்குள் சரிபார்த்துத் தர வேண்டும். மென்பொருள் திங்கட்கிழமைதான் வேலையைத் தொடங்கும். ஆகவே இது பிரிவின் கடைசி வேலை. யாரும் மறுக்கவில்லை. அவள் பக்கங்களைப் பிரித்துக் கொடுத்தாள். எல்லோரும் குனிந்தார்கள். மஞ்சள் தேயும் வாசம் அறையில் பரவியது.

மூன்று மணிக்கு நெட்டையன் மேசையைத் தட்டினான். ஒரே ஒரு முறை.

அவன் கையில் நூற்று எண்பத்தேழாவது பக்கம். தலைப்பு, அனைவரையும் உள்ளடக்கிய தலைமைக்கான சான்று, இணைப்பு மூன்று. கீழே அவளுடைய தாள். வழவழப்பான காகிதத்தில், வண்ணத்தில். அடித்த கோடுகள், ஓரத்துக் கையெழுத்து, சுருக்கொப்பம், தேதி. அதற்குக் கீழே ஒரு வரி அச்சிட்டிருந்தார்கள். எங்கள் தலைமைக் குழுவில் மாற்றுக் கருத்துக்கு இடமுண்டு.

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வாசலில் கோப்புக்காகக் காத்திருந்த எச்.ஆர். பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"இது என்ன?"

"மேம், அது… ஆஸ்பத்திரிக்காரங்க நேர்ல பேசறப்ப எம்.டி. காட்டினார். ரொம்ப சந்தோஷப்பட்டாங்களாம். எதிர்ப்பைக்கூட மறைக்காம வச்சிருக்கீங்களேன்னு." அவள் அவசரமாகப் பேசினாள். உதட்டை இழுக்க மறந்துவிட்டாள். முதல் முறையாக எல்லாச் சொல்லும் புரிந்தது. "மொதல்ல கருப்பு வெள்ளையில எடுத்திருந்தோம். எம்.டி.தான் கலர்ல எடுக்கச் சொன்னார். சிவப்பு நல்லாத் தெரியணும்னு."

"அது திருத்தறதுக்குப் போட்ட சிவப்பு."

"தெரியும் மேம்."

"திருத்தினீங்களா?"

எச்.ஆர். பெண் ஐந்து மேசைகளையும் பார்த்தாள்.

அவள் டின்னிலிருந்து சிவப்பு பென்சிலை எடுத்தாள். அந்தப் பக்கத்தின்மேல் கொண்டுபோனாள். முழுப் பக்கத்தையும் குறுக்கே அடித்துவிடலாம். அடித்தால் கோப்பு போகாது. விதி அதுதான்.

எச்.ஆர். பெண் ஒரு அடி முன்னால் வந்தாள். கெஞ்சுவதுபோல் சொன்னாள். "இன்னும் ஏதாவது எழுதணும்னா எழுதுங்க மேம். நான் தடுக்கல. அதையும் சேத்துக்கலாம்னு சொல்லியிருக்காங்க. சேத்தா இன்னும் நல்லதுதான்."

பென்சில் முனை காகிதத்தைத் தொடாமல் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவள் அதை டின்னுக்குள் போட்டாள்.

நெட்டையன் குனிந்து அவளுடைய நாற்காலியை நிமிர்த்தி வைத்தான். பக்கத்தை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனான். கோப்போடு வந்திருந்த மூலத் தாளை அதன் பக்கத்தில் வைத்தான். பிரதியைச் சரிபார்க்க ஒரே ஒரு வழிதான் உண்டு. மூலத்தில் உள்ளதெல்லாம் பிரதியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவன் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தான். ஒருமனதாக, அதன்மேல் கோடு, இருக்கிறது. நான் ஏற்கவில்லை, இருக்கிறது. ஸ்ட்ரெச்சர் திரும்பாது, இருக்கிறது. ஐந்து பேரும் வேண்டும். ஐந்து என்ற சொல்லில் கொஞ்சம் நின்றான். இருக்கிறது.

"சரியாத்தான் இருக்குக்கா," என்றான்.

மஞ்சளை எடுத்து எல்லா வரிகளின்மேலும் தேய்த்தான். சிவப்பு எழுத்துகளின்மேலும் தேய்த்தான். கீழே, சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டான்.

நான்கு மணிக்குக் கோப்பு மேலே போனது. அடுத்த ஒரு மணி நேரத்தில் மேசைகள் காலியாயின. கண்ணாடிக்காரர் இரண்டு கண்ணாடிகளையும் ஒரே உறையில் போட்டு மூடினார். ஒவ்வொருவராக வந்து அவள் முகத்துக்கு நேராக நின்று, தெளிவாக, அவசரமில்லாமல் விடைபெற்றார்கள். நெட்டையன் கடைசியாக வந்தான். தன் பென்சில்களை அவளுடைய டின்னில் போட்டான்.

"குழந்தை பொறந்ததும் போன் பண்றேன்," என்றான். சொன்ன பிறகு உதட்டைக் கடித்தான். "மெசேஜ் அனுப்பறேன்."

அவன் போன பிறகு துப்புரவுக்காரர்கள் வந்து ஐந்து நாற்காலிகளையும் மேசைகளின்மேல் கவிழ்த்தார்கள். கால்கள் கூரையைப் பார்த்து நின்றன. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நீலத் தட்டு காலியாக இருந்தது.

தொலைபேசியில் சிவப்பு விளக்கு மினுங்கியது. அவள் அடுத்த மேசையைப் பார்த்தாள். விளக்கு நின்றது. மறுபடி மினுங்கியது. அதன் சின்னத் திரையில் ஏழாவது மாடியின் எண்.

ரிசீவரை எடுத்து இடது காதில், கருவியின்மேல் வைத்தாள். மேடும் பள்ளமுமாக ஏதோ வந்தது.

"சொல்லுங்க," என்றாள்.